நெருப்பால் குளிரும் பெட்டி

தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தால் சோறு வேகும், பால் காயும். இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஒரு பெட்டியின் பின்புறம் சிறு சுடரை ஏற்றிவைத்தால், பெட்டிக்குள் இருக்கும் பால் குளிர்ந்துபோகும், தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? "இதென்ன வேடிக்கை!" என்று சிரிப்பீர்கள்.

இளம் நண்பர்களே, இது வேடிக்கை அல்ல. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் நெடுஞ்சாலைகளில் ஓடும் எண்ணற்ற வண்டிகளில் இது நாள்தோறும் நடந்துவருகிறது. அந்தப் பெட்டியில் மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது, சுழலும் சக்கரம் ஒன்றுகூடக் கிடையாது. சத்தமும் இல்லை. அப்படியானால் நெருப்பு எப்படிக் குளிரைத் தருகிறது? அந்தப் பெட்டியை வைத்திருப்பவர் எதற்காக வண்டியை நிறுத்தியவுடன் ரசமட்டத்தைத் தேடி எடுக்கிறார்? இவற்றைப் பார்ப்போமா?

வண்டியே வீடு

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேசை ஆகியவற்றை ஒரு வேனுக்குள் பொருத்திவிட்டால் அது கேம்பர் வேன். பகலில் வண்டி, இரவில் வீடு. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டு ஒரு பெட்டி வடிவ வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே, அதாவது 1951இல், வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் வைக்கத்தக்க பயணச் சாமான்களைச் செய்து கொடுத்தது. கேம்பர் வேன் புகழ் பெற்றது இப்படித்தான்.

வண்டியில் அடுப்பு வைப்பது எளிது. உணவைக் கெடாமல் வைப்பதுதான் கடினம். பாக்டீரியாக்கள் 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் வேகமாகப் பெருகுகின்றன. சில வகைகள் ஏற்ற சூழ்நிலையில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நண்பகலில் ஒன்றாக இருந்தது, மாலை 4 மணிக்கு 4096 ஆகிவிடும்! கெட்டுப்போன மீனையோ பாலையோ உண்டு, மருத்துவமனை இல்லாத மலைச்சாலையில் நோயில் விழுந்தால் என்ன ஆவது? நீரிழிவு நோயாளிக்கு வேண்டிய இன்சுலின் மருந்தின் சேமிப்பையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். ஆகவே குளிர்பதனப் பெட்டி என்பது அங்கே வெறும் ஆடம்பரம் அன்று.

பனிக்கட்டியின் கணக்கு

தொடக்க காலத்தில் பனிக்கட்டியைப் போட்டுவைக்கும் பெட்டியைத்தான் வேன்களில் பொருத்தினார்கள். அது எவ்வளவு நேரம் தாங்கும்? நாமே கணக்கிடலாம்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 10 கிலோ உருக 3,340 கிலோஜூல். பெட்டியின் சுவர்கள் வழியே விநாடிக்கு 30 ஜூல் வெப்பம் உள்ளே கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். கசியும் வெப்பம் 2,592 கிலோஜூல். எனவே 10 கிலோ பனிக்கட்டி சுமார் 31 மணி நேரத்தில் முழுவதும் தண்ணீராகிவிடும். அதன்பின் பனிக்கட்டி விற்கும் ஊரைத் தேடி ஓட வேண்டும். ஊரைவிட்டு விலகிப் போகத்தானே வண்டி வாங்கியது!

வெப்பத்தை ஓயாமல் உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளும் ஒரு கருவி தேவைப்பட்டது.

ஈரத்துணியும் அம்மோனியாவும்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எல்லாக் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் அடிப்படை இதுதான். ஒரு திரவத்தை உள்ளே ஆவியாகச் செய்ய வேண்டும். அந்த ஆவியை வெளியே கொண்டுபோய் மறுபடியும் திரவமாக்க வேண்டும். அப்போது அது தான் எடுத்துவந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிடும்.

வீடுகளில் உள்ள பெட்டியில் இந்த வேலையைச் செய்வது கம்ப்ரசர் என்னும் அமுக்கி. அதை ஓட்டுவது மின்மோட்டார். "உர்ர்" என்று அவ்வப்போது ஒலிப்பது அதுதான். கேம்பர் வேன்களில் நெடுங்காலம் ஆட்சி செய்த பெட்டியில் அமுக்கி இல்லை. அதற்கு உறிஞ்சல் வகைக் குளிர்பதனப் பெட்டி என்று பெயர். அதில் ஆவியாகும் திரவம் அம்மோனியா.

அம்மோனியா சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் -33 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரைக் கண்டால் அது விடாது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும்! வேதியியல் வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் நீரூற்றுச் சோதனை உங்களுக்கு நினைவு வரலாம். அந்தக் கரைசலைச் சூடாக்கினாலோ அம்மோனியா வெளியேறிவிடும். குளிர்ந்த நீர் வாயுவை இழுக்கிறது. சூடான நீர் வாயுவை விடுகிறது. அமுக்கியின் வேலையை இந்த இழுத்தலும் விடுதலுமே செய்துவிட முடியாதா?

முடியும் என்று காட்டியவர் பிரான்ஸ் நாட்டின் ஃபெர்டினாண்ட் கார்ரே. அம்மோனியாவையும் நீரையும் கொண்டு இயங்கும் குளிர்விப்பு இயந்திரத்துக்கு 1859இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருடைய இயந்திரத்துக்கும் ஒரு பம்பு தேவைப்பட்டது.

இரு மாணவர்களின் யோசனை

அந்தப் பம்பையும் நீக்கியவர்கள் இரண்டு மாணவர்கள்! சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள ராயல் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் 1922இல் இதைச் சாதித்தார்கள். அம்மோனியா, தண்ணீர் இரண்டுடன் மூன்றாவதாக ஹைட்ரஜன் வாயுவையும் குழாய்க்குள் அடைத்தார்கள். 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்டது.

ஹைட்ரஜன் எதற்கு? கொடியில் காயும் ஈரத்துணியை எண்ணிப்பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். துணியோ 30 டிகிரி வெப்பத்திலேயே உலர்ந்துவிடுகிறது. காரணம், அதைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி குறைவு. காற்றின் மொத்த அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும், ஆவியாவதை முடிவு செய்வது அங்குள்ள நீராவியின் பங்கு அழுத்தமே. இது டால்டனின் விதியிலிருந்து கிடைக்கும் உண்மை. அதையே பகுதி அழுத்தம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

பெட்டிக்குள் அம்மோனியாதான் துணியில் உள்ள ஈரம். ஹைட்ரஜன்தான் அதைச் சுற்றியுள்ள காற்று. குழாய்களுக்குள் மொத்த அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 20 மடங்குக்கும் மேல். ஆனால் ஹைட்ரஜன் நிறைந்த பகுதியில் அம்மோனியாவின் பங்கு மிகச் சிறிது. ஆகவே அங்கே அது பூஜ்யத்துக்குக் கீழான குளிரிலும் ஆவியாகிறது.

அதே காலத்தில் இன்னும் இரு பெரியோரும் இந்தத் துறையில் இறங்கினார்கள். பெர்லின் நகரில் ஒரு குடும்பத்தினர், குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் உறக்கத்திலேயே இறந்தார்கள் என்ற செய்தி அவர்களை வருத்தியது. அசையும் பாகம் இல்லாவிட்டால் கசிவுக்கு வழி குறையும் அல்லவா? அப்படிப்பட்ட ஒரு பெட்டியை வடிவமைத்து 1930 நவம்பர் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்தான்!

மூன்று பொருள்களின் பயணம்

இனி வேனில் உள்ள பெட்டியின் பின்புறத்துக்குப் போவோம். அங்கே வளைந்து வளைந்து செல்லும் எஃகுக் குழாய்கள் தெரியும். எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்து மூடப்பட்டவை.

அடியில் உள்ளது கொதிகலம். சுடர் இதைச் சூடாக்குகிறது. உள்ளே உள்ள அம்மோனியாக் கரைசலில் குமிழிகள் தோன்றுகின்றன. அவை மெல்லிய குழாய் ஒன்றின் வழியே மேலேறும்போது கரைசலையும் சிறிது சிறிதாகத் தூக்கிச் செல்கின்றன. இதுவே இந்தப் பெட்டியின் பம்பு! வெறும் குமிழிகளால் ஆன பம்பு.

மேலே சென்றதும் அம்மோனியா ஆவி தனியே பிரிகிறது. உடன் வந்த நீராவி வழியிலேயே குளிர்ந்து திரும்பிவிடுகிறது. அம்மோனியா, தகடுகள் பொருத்திய குளிர்விப்பானுக்குள் நுழைந்து, வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது.

திரவ அம்மோனியா தன் எடையால் கீழே வழிந்து ஆவியாக்கிக்குள் விழுகிறது. இது பெட்டியின் உட்பக்கம் இருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. அம்மோனியா ஆவியாகி, பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர் பிறப்பது இங்கேதான்.

அம்மோனியா கலந்த ஹைட்ரஜன், தனி ஹைட்ரஜனைவிடக் கனமானது. ஆகவே அது கீழே இறங்கி உறிஞ்சி என்னும் சுருள்குழாயை அடைகிறது. கொதிகலத்தில் அம்மோனியாவை இழந்த நீர்த்த கரைசல் அங்கே மேலிருந்து வழிந்து வருகிறது. அது அம்மோனியாவை ஆவலுடன் கரைத்துக்கொள்கிறது. தனித்துவிடப்பட்ட ஹைட்ரஜன் இலேசானது. மேலே ஏறி ஆவியாக்கிக்குத் திரும்புகிறது. செறிவடைந்த கரைசல் கொதிகலத்துக்குத் திரும்புகிறது. பயணம் மறுபடி தொடங்குகிறது.

கவனித்தீர்களா? கனமானது இறங்குகிறது, இலேசானது ஏறுகிறது, திரவம் சரிவில் வழிகிறது. எல்லாவற்றையும் ஓட்டுவது வெப்பமும் புவியீர்ப்பும்தான்.

வண்டி ஏன் சமமாக நிற்க வேண்டும்?

இப்போது ரசமட்டத்தின் புதிர் விடுபட்டுவிடும். வழிந்தோடும் திரவத்துக்குச் சரியான சரிவு வேண்டும். வண்டியைச் சாய்வான இடத்தில் நிறுத்தினால், திரவம் ஏதேனும் ஒரு வளைவில் தேங்கி நின்றுவிடும். கொதிகலத்துக்குக் கரைசல் வந்து சேராது. ஆனால் சுடர் எரிந்துகொண்டே இருக்கும்! வெறும் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கரைசலில் சோடியம் குரோமேட் என்ற உப்பைச் சேர்த்திருப்பார்கள். மிகுந்த சூட்டில் அது படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். அதோடு பெட்டியின் வாழ்வு முடிந்துவிடவும் கூடும்.

பெட்டியின் வகையைப் பொறுத்து 3 முதல் 6 டிகிரி வரையான சாய்வைத்தான் இவை தாங்கும். 3 டிகிரி என்பது மிகச் சிறிது. பழைய வோல்க்ஸ்வாகன் வேனின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2.4 மீட்டர். ஒரு முனை சுமார் 12.5 செ.மீ. உயர்ந்திருந்தாலே 3 டிகிரி வந்துவிடும். அதனால்தான் பயணிகள் சக்கரத்துக்கு அடியில் ஆப்புக் கட்டைகளை வைத்து வண்டியைச் சமமாக்குகிறார்கள்.

மலைச்சாலையில் ஓடும்போது சாய்வு ஏற்படாதா என்று கேட்பீர்கள். ஏற்படும். ஆனால் ஓடும் வண்டி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருப்பதால் திரவம் ஓரிடத்தில் தேங்குவதில்லை. ஒரே பக்கம் சாய்ந்து மணிக்கணக்கில் நிற்பதுதான் தீங்கு.

மூன்று வகை வெப்பம்

கொதிகலத்துக்கு வேண்டியது வெப்பம் மட்டுமே. அது எதிலிருந்து வந்தால் என்ன? ஆகவே இந்தப் பெட்டிகளில் மூன்று வழிகள் வைத்தார்கள். ஒன்று, எரிவாயுச் சுடர். இரண்டு, வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சூடாகும் மின்கம்பிச் சுருள். மூன்று, முகாம் திடல்களில் கிடைக்கும் மின்சாரத்தில் சூடாகும் இன்னொரு சுருள். ஐரோப்பாவில் இது 230 வோல்ட்.

எதை எப்போது பயன்படுத்துவது? ஒரு கணக்கு போடுவோம். 12 வோல்ட் சுருள் 120 வாட் எடுத்துக்கொண்டால் மின்னோட்டம் 10 ஆம்பியர். பாட்டரி 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ளது என்போம். ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்குமேல் செலவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே நமக்குக் கிடைப்பது 50 ஆம்பியர்-மணி. அதாவது 5 மணி நேரம்! இரவு 10 மணிக்கு வண்டியை நிறுத்தித் தூங்கினால், 3 மணிக்கு அந்தப் பங்கு தீர்ந்துவிடும். அப்படியே விட்டு, எஞ்சினைக் கிளப்பவும் அதே பாட்டரி என்றால், காலையில் வண்டி நகராது. எனவே இந்த வழி, எஞ்சின் ஓடிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது.

சுடருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 46 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 12.8 யூனிட். நாம் சொன்ன பாட்டரி முழுவதிலும் இருப்பது 1.2 யூனிட்தான். ஒரு நாளுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வாயு போதும். ஆளில்லாத காட்டோரத்தில் வாரக்கணக்கில் தங்க முடிவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலிண்டரில் பியூட்டேன் இருந்தால் அது சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. சுடர் தானே அணைந்துவிடும். புரொப்பேன் -42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே பனிக்காலப் பயணிகள் புரொப்பேனைக் கேட்டு வாங்குகிறார்கள்.

உயிரைக் காக்கும் விதிகள்

தூங்கும் அறையிலேயே ஒரு சுடர் எரிகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. காற்று போதாமல் வாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகச் சேர்ந்துகொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே போகலாம்.

இதனால் சுடர் எரியும் பகுதியை வண்டியின் உட்புறத்திலிருந்து முழுவதும் பிரித்துவிடுகிறார்கள். வண்டியின் வெளிச்சுவரில் கீழே ஒரு காற்றுத் திறப்பு, மேலே ஒன்று. கீழ்த் திறப்பில் புதுக்காற்று நுழைகிறது. சூடான காற்று மேல் திறப்பு வழியே போகிறது. புகைபோக்கி எரிந்த வாயுவை வெளியேற்றுகிறது. சிலந்திவலையோ குளவிக்கூடோ புகைபோக்கியை அடைத்தால் ஆபத்து. ஆண்டுதோறும் அதைத் தூய்மை செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வண்டிக்குள் இருக்க வேண்டும்.

சுடர் காற்றில் அணைந்துவிட்டால் வாயு கசியாதா? அதற்கும் காவல் உண்டு. இரு வேறு உலோகங்களின் சந்திப்பைச் சூடாக்கினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும் என்று சீபெக் 1821இல் கண்டார். அந்த வெப்பமின் இரட்டை சுடரில் நனைந்துகொண்டிருக்கும். அது தரும் மின்சாரம்தான் வாயுக் குழாயின் அடைப்பிதழைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், அடைப்பிதழ் மூடிவிடும்.

அப்படியும் எங்காவது வாயு கசிந்தால் அது மேலே போகாது. புரொப்பேனின் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரி 29. ஆகவே அது தரையில் தேங்கும். வண்டியின் தரையில் துளை விட்டிருப்பது இதற்காகவே. தெரியாமல் அதைக் கம்பளத்தால் மூடிவிடுபவர் தன் உயிர்க்காவலை மூடுகிறார்.

பெட்ரோல் நிலையத்தில் நுழையும் முன் சுடரைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை!

நன்றாகக் குளிர வேண்டுமானால்

உறிஞ்சல் பெட்டி மெதுவாக வேலை செய்யும். பயணத்துக்கு முன்னாள் இரவே அதை இயக்கிவிட வேண்டும். சூடான பாத்திரத்தை உள்ளே வைக்கக் கூடாது. காற்று உலாவ இடம்விட்டுப் பொருள்களை அடுக்க வேண்டும். வெயிலில் வெளிச்சுவரும் சூடேறினால் குளிர்விப்பானால் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. எனவே பெட்டி உள்ள பக்கத்தை நிழலில் நிறுத்துவார்கள்.

இப்போது புதிய வேன்கள் பலவற்றில் 12 வோல்ட்டில் ஓடும் சிறு அமுக்கிப் பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு ஜூல் மின்சாரத்தால் ஒரு ஜூலுக்கும் மேற்பட்ட வெப்பத்தை அவை வெளியேற்றும். உறிஞ்சல் பெட்டியால் அதில் ஒரு பகுதியைத்தான் வெளியேற்ற முடியும். சாய்வையும் அவை நன்கு தாங்கும். கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் வாயுவே வேண்டாம். ஆயினும் நிழல் சூழ்ந்த காட்டில், வெயிலே காணாத மழை நாட்களில் ஒரு வாரம் தங்குபவருக்கு அந்தச் சிறு நீலச்சுடர் இன்றும் கைகொடுக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. தட்டையான ஒரு கண்ணாடிச் சீசாவில் ஒரு குமிழி அளவு காற்றுவிட்டுத் தண்ணீர் நிரப்பி மூடுங்கள். படுக்கவைத்தால் அதுவே உங்கள் ரசமட்டம். 1 மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தி, சீசாவை அதன்மேல் வையுங்கள். 3 டிகிரி சாய்வில் குமிழி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

2. ஒரு அமுக்கிப் பெட்டி ஓடும்போது 48 வாட் எடுக்கிறது. ஆனால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது. மேலே சொன்ன 12 வோல்ட் பாட்டரியின் 50 ஆம்பியர்-மணி அதற்கு எவ்வளவு நேரம் வரும்?

3. அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர் ஆகிய மூன்றின் பாதைகளையும் மூன்று நிறப் பென்சில்களால் ஒரே தாளில் வரையுங்கள். மூன்று பாதைகளும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால், நீங்கள் பெட்டியைப் புரிந்துகொண்டீர்கள்.

(இரண்டாம் கணக்கின் விடை: சராசரி மின்னோட்டம் 1.33 ஆம்பியர், ஏறத்தாழ 37½ மணி நேரம்.)